குகை இடுக்கு

கல்வராயன் மலைக் குகையில் பாறை சரிந்தபோது இளவரசு வெளியே வந்துவிட்டிருந்தான். நண்பன் ஆசிக் உள்ளே மாட்டிக்கொண்டான். வழிகாட்டி கோவிந்தசாமியும் ஆட்களும் சாயங்காலம்வரை கல்லை அகற்றினார்கள். கடைசியில் ஒரு சிறிய இடுக்கு வழியாக ஆசிக் தானே ஊர்ந்து வெளியே வந்தான்.

மறுநாள் மதியம் அண்ணாமலை நகரில், ஆசிக் வீட்டில் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆசிக்கின் மனைவி அம்ரீன் மீன்குழம்பு ஊற்றினாள். இளவரசின் போன் அடித்தது. கோவிந்தசாமிதான். இளவரசு ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, நேத்து விட்டுட்டு வந்த கயிற எடுக்கக் குகைக்கு வந்தோம். உள்ளேர்ந்து ஒருத்தர் உங்க பேரச் சொல்லிக் கூப்புடுறாரு."

"யாருங்க?"

"ஆசிக்குன்னு சொல்றாரு. இடுக்குல மாட்டிக்கிட்டு அழுவுறாரு."

இளவரசுக்குப் பயம்கூட வரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஆசிக்கைப் பார்த்தான்.

ஆசிக் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான். "மூச்ச முழுசா வெளிய வுடச் சொல்லு மச்சான். அப்பதான் நெஞ்சு சுருங்கும். நான் அப்பிடித்தான் வந்தேன்."

இளவரசு அதை அப்படியே போனில் சொன்னான். கொஞ்ச நேரம் கல் உரசும் சத்தம் கேட்டது.

"நகர்றாரு தம்பி" என்றார் கோவிந்தசாமி.

அம்ரீன் உள்ளே போனாள். இன்னொரு தட்டை எடுத்துவந்து கணவனுக்குப் பக்கத்தில் வைத்தாள்.