மூடியில் ஒரு துளை

டப்பா மூடியில் நீளமாகத் துளை போட்டு, ஸ்பூன்களை அதில் நுழைக்கச் சொல்லித்தந்தாள் அம்மா. ஒன்றரை வயது மகளோ, டப்பாவைக் கண்டாலே ஸ்பூனோடு அடுக்ககத்தின் பொது வராந்தாவுக்கு ஓடினாள்.

"விரலுக்கு நல்ல பயிற்சின்னு டாக்டர் சொன்னாங்க. இவளுக்கு வரவே மாட்டேங்குதேங்க!" அம்மா கணவனிடம் புலம்பினாள்.

"அதை விடு, டிவி ரிமோட் எங்க? என் சீப்பையும் காணோம்!" கணவன் வீட்டையே தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தான்.

வாசல்மணி அடித்தது. வெளியூர் போய்த் திரும்பிய எதிர்வீட்டு டீச்சர், கனத்த பையோடு நின்றார்.

"எங்க கதவுல, கீழே தபால் போடற துளை இருக்குல்ல? அதுவழியா விழுந்து கிடந்துச்சும்மா. சீப்பு, ரிமோட், ஏழு ஸ்பூன்..."

"ஐயோ, மன்னிச்சிடுங்க டீச்சர்!" கணவன் நெளிந்தான்.

அவளோ மகளை வாரியெடுத்து உச்சிமுகர்ந்தாள்.

"ஏங்க, ரிமோட்டையே நுழைச்சிருக்கா என் தங்கம்!"