ஒரு சொட்டு ஸ்பிரிட்

பழைய கிதார்கள் விற்கும் கடையில் இரண்டு கிதார்கள் அருகருகே தொங்கின. மூத்ததற்கு அரக்கு மெருகு. இளையதற்குப் பிளாஸ்டிக் பூச்சு.

வாங்க வந்தவர் மூத்ததன் முதுகில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்தார். மெருகு கரைந்தது. "அசல் அரக்குதான், பிளாஸ்டிக் என்றால் கரையாது," என்று பாராட்டிவிட்டு, வாங்காமல் போனார்.

"அக்கா, எரியவில்லையா?" என்று கேட்டது இளையது.

"அசலுக்குத்தான் எரியும். பிளாஸ்டிக் பூசிய உனக்கென்ன தெரியும்?"

அடுத்து வந்தவர் முன்னவரின் சொல்லை நம்பவில்லை. அவரும் ஒரு சொட்டு வைத்தார். அவருக்குப் பின் வந்த ஒவ்வொருவரும் வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் மூத்தது பெருமையோடு முதுகைக் காட்டியது.

கடைசியாக வந்தவரின் சொட்டு வெறும் மரத்தில் ஊறியது.

"எதுவும் கரையவில்லையே. போலி," என்றவர், பளபளத்த இளையதைச் சோதிக்காமலே வாங்கினார்.

"ஐயா, முகத்தில் இன்னும் மெருகு இருக்கிறது," என்று மூத்தது கெஞ்சியது. "அங்கே வைத்துப் பாருங்கள்."