வீட்டுப் பேச்சுக்கு மதிப்பெண்

வீட்டுப்பாடமே வேண்டாமென்று பள்ளி வாசலில் நின்று போராடியவர்களில் பிரமிளாவும் ஒருத்தி. பள்ளி இறங்கிவந்தது. ஆனால் பதிலுக்குப் பிள்ளைகளின் சட்டையில் ஒரு பொத்தானைத் தைத்து அனுப்பியது. வீட்டில் பேசுவதையெல்லாம் அது கேட்கும். அறிவான பேச்சுக்கு மதிப்பெண் போடும். சண்டையோ அழுகையோ கேட்டால் சிவந்து, மதிப்பெண்ணைக் குறைக்கும். தூங்கப் போகும்வரை சட்டையைக் கழற்றக் கூடாது.

அன்றிலிருந்து பிரமிளாவும் கணவன் சேவியரும் மகள் எதிரில் நதிகளைப் பற்றியும் கோள்களைப் பற்றியுமே பேசினார்கள். நிவிதா இரண்டாம் வகுப்பு. மதிப்பெண் குறைந்தால் பின்தங்கியவர்கள் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள்.

ஒரு நாள் நிவிதா பள்ளிவிட்டு வந்த கையோடு சேவியரும் சீக்கிரமாகவே வீட்டுக்கு வந்துவிட்டான். முகம் வெளிறியிருந்தது. பிரமிளா எழுந்து வந்தாள். என்னவென்று கண்ணாலேயே கேட்டாள். அவன் மகளின் சட்டையைப் பார்த்துவிட்டு, "வியாழனுக்கு நிறைய நிலா இருக்கு, தெரியுமா?" என்றான். குரல் உடைந்தது.

"ஏன்ப்பா அழுறீங்க?" என்றாள் நிவிதா.

பொத்தான் சிவந்தது. "அழலம்மா, கண்ணுல தூசி" என்று பிரமிளா பதறினாள்.

நிவிதா பொத்தானை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டாள். "இப்ப சொல்லுங்கப்பா."

"அப்பாவுக்கு வேலை போயிடுச்சும்மா."

அவள் விரலிடுக்கில் சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.