கோழிதாஸ் வீட்டில் சோதனை

“எங்க வீட்ட இப்பிடிக் கலைச்சுப் போட ஒங்களுக்கு ஆரு மாமா அதிகாரம் தந்தா?”

சுந்தரதாஸின் முற்றத்தில் நின்று அஜிஷா கத்தினாள். காரக்கோணத்தில் மருந்துக்கடை வேலை முடிந்து வந்தவள், தன் வீடு கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, பையைக்கூடக் கீழே வைக்காமல் ஓடிவந்திருந்தாள். மெத்தை கிழிந்து கிடந்தது. அரிசியெல்லாம் தரையில். பின்பக்கம் வாழையடிவரைக்கும் தோண்டிக் கிடந்தது.

விஷயம் இதுதான். ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் சுந்தரதாஸின் புகைப்புரையில் ஒரு கட்டு ஷீட்டைக் காணோம். எது காணாமல் போனாலும் அந்தப் பாழாய்ப்போன ஊருக்கு ஒரே பெயர்தான் வாயில் வரும்: அவள் அப்பா பொன்னுதாஸ். பன்னிரண்டு வயதில், சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு வந்த கோழி ஒன்று காணாமல் போக, பக்கத்தில் நின்ற பாவத்துக்கு அவர்மேல் பழி விழுந்தது. கோழி மறுநாளே சர்ச்சுக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருந்தது. கோழிதாஸ் என்ற பெயர் மட்டும் நாற்பது வருஷமாகப் போகவில்லை. இரண்டு நாளாக டீக்கடையில் அவர் காதுபடவே பேசினார்கள்.

“எனக்க அப்பா அடுத்தவன் பறம்புல விழுந்த மாங்காயக்கூடத் தொடமாட்டாரு!”

சுந்தரதாஸ் நெளிந்தார். “கத்தாத மக்கா. ஷீட்டு இண்ணைக்குக் காலத்தயே கெடச்சாச்சு. சாரல் அடிக்குதுன்னு எனக்க வீட்டுக்காரியாக்கும் எங்க மச்சுல தூக்கிப் போட்டிருக்கா. ஒங்க வீட்டுக்கு ஆரும் வரல்ல, சத்தியமா.”

‘பொய் வேற!’ அஜிஷா திரும்பி வந்தாள்.

அப்பா பின்பக்கம் மண்வெட்டியோடு நின்றார். குழியை மூடுகிறார் போலிருக்கிறது.

“அப்பா, வந்தது ஆரு? பேரச் சொல்லுங்கோ. இண்ணைக்கே ஸ்டேஷன்ல போய் எழுதிக் குடுக்கேன்.”

“ஆரும் வரல்ல மக்கா. நானாக்கும்.”

“நீங்களா? எதுக்கு?”

“ஊரே சொல்லுது. இத்தன பேரும் பொய்யா சொல்லுவாவ? எடுத்திட்டு மறந்திருப்பேனோன்னு எனக்கே சந்தேகம். காலத்தேருந்து தேடுதேன், கிட்டல்ல.”

அஜிஷா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “ஷீட்டு கெடச்சாச்சுப்பா. அவங்க மச்சுலதான் இருந்துதாம்.”

பொன்னுதாஸ் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

“அங்க கொண்டு போட்டதும் நானாத்தான் இருக்கும் மக்கா.”