தங்கப்பாண்டியன் வீட்டுப் பிள்ளை

கையெழுத்தைப் பார்த்ததும் யோகேஸ்வரி முகாமில் சேர வந்த படிவங்களில் அதை மட்டும் தனியே எடுத்து வைத்தாள். பிள்ளையின் பெயர் சினேகா. தகப்பனார் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தது. அடியில் மட்டும் ‘தங்கப்பாண்டியன்’ என்று பெரிதாக, சாய்வாக ஒரு கையெழுத்து. ஊருக்கே தெரிந்த பேரை மேலே வேறு எழுத வேண்டுமா என்கிற திமிர், என்று நினைத்துக்கொண்டாள்.

அதே கையெழுத்து அவள் அம்மா ராமுத்தாயின் வேலை அட்டையிலும் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் தங்கப்பாண்டியனின் பட்டாசுக் கம்பெனியில் ஓர் அறை வெடித்து ஒன்பது பேர் செத்துப்போனார்கள். அம்மாவின் கால் மெட்டியை வைத்துத்தான் யோகேஸ்வரி அடையாளம் சொன்னாள். அப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு.

இப்போது உடற்கல்வி படிக்கிறாள். கோடை விடுமுறையில் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்து நாள் முகாம். தங்கியிருக்கும் நாற்பது பிள்ளைகளுக்கும் அவள்தான் தலைவி.

“இதுல சினேகா யாரு?”

பதினோரு வயதிருக்கும். ஒல்லியான ஒரு பெண் எழுந்து நின்றது. “நான்தான் அக்கா.”

“அக்காங்கிறதெல்லாம் மத்தவங்களுக்கு. நீ மிஸ்னு கூப்பிடு.”

“சரி மிஸ்.”

மறுநாளே தொடங்கிவிட்டாள். மற்றப் பிள்ளைகள் மைதானத்தை நாலு சுற்று ஓடினால் சினேகாவுக்கு எட்டு. சாப்பாட்டு வரிசையில் அவள்தான் கடைசி. குழாயடியிலிருந்து சமையல்கட்டுக்குக் குடம் தூக்குவதும் அவள்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளைகள் வீட்டோடு போனில் பேசலாம். சினேகா பேசும்போது யோகேஸ்வரி பக்கத்திலேயே நின்றாள். பிள்ளை அழ வேண்டும், அந்த அழுகை தங்கப்பாண்டியன் காதில் விழ வேண்டும். அதற்காகத்தான் இத்தனையும்.

“நல்லா இருக்கேன் ஐயா. நீங்க மாத்திரை போட்டீகளா?” என்று கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள் சினேகா.

ஆறு நாளும் அதே பேச்சுத்தான். யோகேஸ்வரிக்கு உள்ளுக்குள் எரிந்தது.

ஏழாம் நாள் அணைக்கட்டுக்குக் கூட்டிப்போனார்கள். முகாமுக்கு வந்ததிலிருந்து பிள்ளைகள் அந்த ஒரு நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். சினேகாவும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேனில் ஏறப் போனாள்.

“நீ எங்கன ஏறுத? காலையில சாப்பிட்ட தட்டெல்லாம் அப்படியே கிடக்கு. நாங்க திரும்பி வர்றதுக்குள்ள கழுவி வை.”

 சினேகா துண்டை மடித்து வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள். சமையல்கார பஞ்சம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை.

“ஏம்மா, அது யாரு வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சுமா இம்புட்டு வேலை வாங்குத?”

“தெரிஞ்சதுனாலதான் வாங்குதேன்” என்று சொல்லிவிட்டு யோகேஸ்வரி வேனில் ஏறினாள்.

கடைசி நாள் பெற்றோர்களுக்கு முன்னால் ஓட்டப் பந்தயம். தங்கப்பாண்டியன் வெள்ளை வேட்டியும் வியர்த்த முகமுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தினமும் எட்டுச் சுற்று ஓடிய கால் என்பதால் சினேகா மற்றவர்களைவிடப் பத்தடி முன்னால் வந்து நின்றாள்.

யோகேஸ்வரி கையை உயர்த்தினாள். “கோட்டைத் தாண்டிக் கால் வச்சுட்டே. நீ ஓடுனது செல்லாது.”

கோப்பை இரண்டாவதாக வந்த பெண்ணுக்குப் போனது. சினேகா நெஞ்சு விம்ம மூச்சு வாங்கியபடி அந்தப் பெண்ணுக்காகக் கை தட்டினாள். யோகேஸ்வரி அவளைப் பார்க்கவில்லை. முன்வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்ததும் தங்கப்பாண்டியன் எழுந்து வந்து அவளைக் கும்பிட்டார். “நல்லா பாத்துக்கிட்டீகன்னு புள்ள தெனமும் போன்ல சொல்லுச்சு டீச்சர். ரொம்ப சந்தோசம். பேசிக்கிட்டு இருங்க, பெட்டியக் கார்ல வச்சுட்டு வந்திருதேன்.”

அவர் முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. பத்து நாளும் செய்ததில் ஒன்றுகூட அந்த ஆளைத் தொடவில்லை என்பது யோகேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. சினேகாவின் கையைப் பிடித்து வேப்பமரத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். 

“இதை உங்க ஐயாகிட்ட அப்படியே போய்ச் சொல்லு. ஆறு வருசத்துக்கு முந்தி அவரு கம்பெனியில ஒரு ரூம் வெடிச்சது. அதுல செத்த ஒன்பது பேர்ல எங்கம்மாவும் ஒருத்தி. அதுக்குத்தான் உன்னைய இந்தப் பாடு படுத்துனேன். தன் புள்ள கஷ்டப்பட்டா எப்படி இருக்கும்னு அந்த ஆளுக்குத் தெரியணும்.”

சினேகா அழவில்லை. காருக்குள் பெட்டியை வைத்துக்கொண்டிருந்தவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு அவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னாள்.

“அதுக்கப்புறந்தான் ஐயா என்னைய வீட்டுக்குக் கூட்டியாந்து வளத்தாக. எங்கம்மாவும் அந்த ரூம்லதான் இருந்துச்சு, மிஸ்.”