ஒட்டியிருந்த உலோகம்

ஆய்வகத்திலிருந்து வீட்டுக்கு ஓடிவந்த வேதியியல் ஆராய்ச்சியாளர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“என்னங்க, என் கட்டுரையை ஏத்துக்கிட்டாங்க!”

“அட! என்ன எழுதியிருக்கே?” என்றான் கணவன்.

“உலோகம் சேர்க்காமலே மருந்து தயாரிக்கலாம்னு ஒரு கட்டுரை பன்னிரண்டு வருஷமா ஊரை ஏமாத்துச்சு. முந்தின சோதனையோட உலோகத் துணுக்கு, குடுவைக்குள்ள சுத்திக் கலக்குற காந்தத்துல ஒட்டியிருந்து, அதுதான் வேலையைச் செஞ்சிருக்கு! புதுக் காந்தம் போட்டேன், ஒண்ணுமே நடக்கல!”

“எழுதின ஆளு பாவம். மானம் போயிடுமே?”

“போகட்டும்! எத்தனை ஆய்வகத்துல அதே மாதிரி செஞ்சும் மருந்து வரலையேன்னு மண்டையை உடைச்சுக்கிட்டாங்க!”

“அந்த ஆளுகிட்ட சொல்லிட்டியா?”

“முதல்ல தெரிஞ்சதே அந்த ஆளுக்குத்தான்.”

ஸ்டூலில் ஏறி, கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த அந்தப் பன்னிரண்டு வருடப் பழைய கட்டுரையைக் கழற்றினாள். தலைப்பின்கீழ் இருந்த ஒரே பெயர் அவளுடையது.

“ஆணி இருக்கட்டும். புதுசை அங்கேயே மாட்டணும்.”