நூறு கிராம்

பங்குனிக் கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. விரிகுடாவில் முரல் மீன் ஏறியிருப்பதாகப் படகே சொன்னது. ஆளில்லாமல் போய்வரும் படகு அது. கிளம்பும்போது ஐம்பது கிலோவுக்கு மேல் பாரமிருந்தால் கரையை விட்டு நகராது.

அது வந்தபின் கடலுக்குப் போகாமல் நாலு வருஷமான நம்புராசன், எடையைக் குறைக்க ஒரு மாதமாக ஒருவேளைக் கஞ்சியோடு கிடந்தான். இன்று விடியலில் தலையை மழித்துக்கொண்டு, வெறும் ஜட்டியோடு ஏறி உட்கார்ந்தான்.

“பாரம் நூறு கிராம் அதிகம்,” என்றது படகு.

“இனி எதைக் குறைக்க?” என்று மனைவி செல்வியைப் பார்த்தான்.

முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தாள். செத்தவன் இடுப்பிலிருந்து மட்டுமே அவிழ்க்கும் வெள்ளி அரைஞாணைத் தன் கையாலேயே கழற்றினாள். படகு நகர்ந்தது.

“சீக்கிரம் வந்துருங்க,” என்றாள். “இதைத் திரும்பக் கட்டணும்.”